பயோஐடென்டிகல் ஹார்மோன்: மெனோபாஸ் வயதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பு திடீரெனக் கொதிக்கிறது. நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டித் தூக்கம் கலைகிறது. மூட்டு வலி, மறதி, காரணமில்லாத எரிச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மெனோபாஸ் வயதில் இதற்கெல்லாம் தீர்வு தேடத் தொடங்கும் பெண்ணின் கண்ணில் சீக்கிரமே படுகிற பெயர் ‘பயோஐடென்டிகல் ஹார்மோன்’. இயற்கையானது, செடியிலிருந்து எடுத்தது, உங்கள் உடம்புக்கென்றே அளவெடுத்துத் தயாரித்தது, பக்கவிளைவு கிடையாது என்று விளம்பரங்கள் அடுக்கும். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை நம்பி மீதியையும் நம்பிவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு ஆரம்பம்.

முதலில் அந்த உண்மை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமானது எஸ்ட்ரடையால். அதனுடன் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சுரக்கிறது. இந்த இரண்டின் மூலக்கூறு எப்படி இருக்கிறதோ அச்சு அசலாக அதே மூலக்கூறை ஆய்வகத்தில் தயாரித்தால் அது பயோஐடென்டிகல். அவ்வளவுதான் பொருள். மருந்தின் அளவு சரியா, அதை யார் சோதித்தார்கள், உங்களுக்கு அது பொருந்துமா என்பதெல்லாம் இந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. அவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது என்று நினைப்பது

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன், ஏனென்றால் மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. பயோஐடென்டிகல் என்றாலே ஒரு தனி கிளினிக், அங்கே ஒரு தனிக் கலவை, அதற்கு ஒரு தனி விலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வழக்கமான மருத்துவர் எழுதிக் கொடுக்கிற எஸ்ட்ரடையால் பேட்ச், ஜெல், மாத்திரை எல்லாமே பயோஐடென்டிகல்தான். மைக்ரோனைஸ்டு, அதாவது மிக நுண்ணிய துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலும் அப்படியே. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் இந்த இரண்டையும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்த்த மருந்துக்கும் அனுமதி கொடுத்தது. இவை ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, உடம்பில் எவ்வளவு சேரும், என்ன ஆபத்து என்பதெல்லாம் சோதித்துப் பதிவானவை.

இன்னொரு வகை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலந்து கொடுப்பது. க்ரீம், நாக்கடியில் வைக்கும் வில்லை, தோலுக்கடியில் புதைக்கும் பெல்லட் என்று பல வடிவங்களில் வரும். ‘பையஸ்ட்’ என்ற பெயரில் எஸ்ட்ரியால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜனையும் எஸ்ட்ரடையாலையும் கலந்து தருவார்கள், பெரும்பாலும் 80-க்கு 20 என்ற விகிதத்தில். இந்தக் கலவைகள் எஃப்.டி.ஏ.வின் அனுமதிச் சோதனைக்குள் போவதில்லை. ஒரு தடவை கலந்ததில் அளவு கூடியிருக்கலாம், அடுத்த தடவை குறைந்திருக்கலாம். எச்சரிக்கைகள் அச்சிட்ட தாளும் பல நேரம் கூட வராது. தாள் இல்லாததைப் பார்த்து ஆபத்தே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், அதுதான் வேடிக்கை.

2008-ல் எஃப்.டி.ஏ. இப்படிக் கலந்து விற்ற 7 மருந்தகங்களுக்கு, ஆதாரமில்லாமல் பாதுகாப்பானது, மேலானது என்று சொல்லக் கூடாது என எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2020-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் இதைத் தனியாக ஆராய்ந்தன. இந்தக் கலவைகள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை, அனுமதி பெற்ற மருந்தில் உள்ள ஏதாவதொரு பொருள் ஒவ்வாமை தந்தாலோ, தேவையான வடிவம் கிடைக்காவிட்டாலோ மட்டும் இவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் முடிவு. ஒவ்வாமை என்பது சும்மா சொன்னதில்லை. சில புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல்களில் கடலை எண்ணெய் இருக்கிறது. கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று வேண்டும்தான்.

இயற்கை என்ற சொல்லுக்கு மயங்குவது

செடியிலிருந்து வருவது என்பது பொய்யில்லை. சோயாவிலும் ஒருவகைக் காட்டுக் கிழங்கிலும் மூலப்பொருள் இருக்கிறது. 1940-களில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோனை அதிக அளவில் தயாரித்துக் காட்டினார். ஆனால் கிழங்குக்கும் ஹார்மோனுக்கும் நடுவில் ஆய்வகத்தில் பல வேதிப் படிகள் உண்டு. அந்த வேலையை நம் உடம்பால் செய்ய முடியாது. அதனால் காட்டுக் கிழங்கு க்ரீமைத் தடவினால் புரோஜெஸ்டிரோன் ஊறும் என்பது நடக்காத காரியம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிரெமரின் என்ற பழைய மாத்திரை, சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. 1942-லிருந்து அமெரிக்கச் சந்தையில் இருக்கிறது. இயற்கை என்றால் அதைவிட இயற்கை எது! ஆனால் அது பயோஐடென்டிகல் கிடையாது, அதில் இருப்பவற்றில் பல குதிரைக்கே உரிய ஈஸ்ட்ரோஜன்கள்.

2002 ஆய்வைப் பார்த்து ஒரேயடியாகப் பயப்படுவது, அல்லது அது நமக்கில்லை என்று ஒதுக்குவது

‘பெண்கள் ஆரோக்கிய முன்முயற்சி’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், குதிரை ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் செயற்கை புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்த பிரிவு 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் அப்போதுதான் பரவியது. கணக்கைப் பார்த்தால், 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் எடுக்காதவர்களைவிட 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். பக்கவாதமும் அதேபோல் 8 பேருக்குக் கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் தொடங்கும் வயதில் இருப்பவர்களுக்கு அதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது. 60 வயதுக்குள்ளோ, மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள்ளோ தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பலன் ஆபத்தைவிட அதிகம் என்று மெனோபாஸ் சொசைட்டி என்ற வட அமெரிக்க மருத்துவ அமைப்பு 2022-ல் சொன்னது. 2025 நவம்பரில் எஃப்.டி.ஏ.வும் இந்த மருந்துகளின் அட்டையில் இருந்த பெரும்பாலான கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அறிவித்தது.

சரி, அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. “அந்த ஆய்வு குதிரை ஈஸ்ட்ரோஜனைப் பற்றியது, என்னுடையது பயோஐடென்டிகல், எனக்கு ஒன்றும் ஆகாது” என்பது விற்பனையாளருக்குப் பிடித்த வசனம். செயற்கைப் புரோஜெஸ்டினைவிட மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் மார்பகத்துக்கு ஆபத்துக் குறைவாக இருக்கலாம் என்று பிரான்சில் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகள் காட்டுகின்றன. ‘இருக்கலாம்’ என்பதை ‘ஆபத்தே இல்லை’ என்று படிக்கக் கூடாது. தோல் வழியாகச் சேரும் எஸ்ட்ரடையால் மாத்திரையைப் போல ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. இங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது பேட்ச் என்ற வழி. மாத்திரையாக விழுங்கினால் எஸ்ட்ரடையாலும் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கூட்டத்தான் செய்யும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எந்தப் பெயரில் வந்தாலும் ஹார்மோனைத் தானாகத் தொடங்கக் கூடாது.

கருப்பை இருப்பதை மறந்துவிடுவது

எல்லாவற்றிலும் இதுதான் மோசமான தவறு. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்வரியை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்கு அணை போடும். கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் உள்வரி தடித்துப் புற்றுநோய் வரலாம். இது 1975-லேயே வெளிப்பட்டுவிட்ட விஷயம். பயோஐடென்டிகல் எஸ்ட்ரடையாலும் இதற்கு விலக்கில்லை.

ஆனாலும் இன்றைக்கும் நடக்கிறது. எப்படி? பேட்ச் ஒட்டிய ரெண்டு வாரத்தில் கொதிப்பு அடங்கிவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலால் மயக்கமாக, வயிறு உப்பலாக இருக்கிறது. ‘கொதிப்புதான் போயிடுச்சே, இது எதுக்கு’ என்று அதை மட்டும் விட்டுவிடுவார்கள். இன்னொரு விதமாக, கேப்ஸ்யூலுக்குப் பதில் தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் க்ரீமைக் கொடுப்பார்கள். பெயர் என்னவோ அதேதான், ஆனால் தோல் வழியாகப் போகும் அளவு கருப்பை உள்வரியைக் காக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. வழக்கமாகத் தரப்படுவது தினமும் 100 மில்லிகிராம், அல்லது மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல். அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். மயக்கம் வருகிறது என்றால் படுக்கப் போகும்போது எடுங்கள். தூக்கமில்லாமல் தவித்த சிலருக்கு அந்த மயக்கமே உதவியாகிவிடுகிறது. அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையா, ஹார்மோன் கலந்த கருத்தடைச் சாதனத்தைக் கருப்பைக்குள் வைப்பது போன்ற வேறு வழிகள் உண்டு. கேளுங்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாக ரத்தம் படுவது சகஜம். ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, நின்றுபோன ரத்தப்போக்கு திரும்ப வந்தாலோ ஸ்கேன் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

உமிழ்நீர் பரிசோதனையை நம்பி அளவு தீர்மானிப்பது

குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் வண்ண வண்ணப் படங்களோடு அறிக்கை வரும். பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் மெனோபாஸை ஒட்டிய ஆண்டுகளில் ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்றைய எண்ணை வைத்து அடுத்த மூன்று மாத மருந்தைத் தீர்மானிப்பதில் அர்த்தமில்லை. இந்த அளவு எச்சிலில் இருந்தால் இந்த அளவு மருந்து என்று நிரூபித்த கணக்கும் கிடையாது. 45 வயது தாண்டி, வழக்கமான அறிகுறிகள் இருந்தால் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. கொதிப்பு குறைந்ததா, தூக்கம் வந்ததா, பக்கவிளைவு உண்டா என்று பார்த்துத்தான் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். தைராய்டைப் பார்த்துக்கொள்வது மட்டும் நல்லது. அது மிகையாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும், தூக்கம் கெடும்.

பெல்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி மணி அளவில் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள், சில மாதங்களுக்கு வேலை செய்யும். தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் அளவு அதிகமாகிவிட்டால் எடுத்துப் போட முடியாது, கரையும்வரை காத்திருக்க வேண்டும். பல பெல்லட்டுகளில் டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். அது மிகையானால் முகத்தில் முடி, பரு, குரல் தடிப்பது எல்லாம் வரலாம். குரல் மாற்றம் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாமல் போகலாம். பேட்ச் என்றால் பிடிக்காதபோது உரித்துவிடலாம். நான் பெல்லட்டின் பக்கம் போகவே வேண்டாம் என்று சொல்லுவேன்.

பயன்படுத்தும் விதத்தில் நடக்கும் சில்லறைத் தவறுகள்

பேட்சை மார்பில் ஒட்டக் கூடாது. அடிவயிறு, இடுப்புக்குக் கீழே பின்புறம் போன்ற இடங்களில், ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி ஒட்டலாம். பாவாடை நாடா அழுந்தும் இடம் வேண்டாம், உரிந்து வரும். ஜெல் தடவிய இடம் காயும்வரை குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மருந்து அவர்கள் தோலுக்கும் போகும். அப்புறம், மனச்சோர்வுக்கென்று சிலர் தானாக வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஹார்மோனின் பலனைக் குறைத்துவிடும். மருத்துவரிடம் மூலிகைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று கைவிடுவதும் நடக்கிறது. கொதிப்பு சில வாரங்களில் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். இன்னொன்று, இந்த ஹார்மோன் மருந்து கருத்தடை ஆகாது. மாதவிடாய் தாறுமாறாக வரும் வயதில் கருத்தரிக்க வாய்ப்பு இன்னும் இருக்கிறது. 50 வயதுக்கு மேல் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டு, அதற்குக் கீழே என்றால் இரண்டு ஆண்டு வரை கருத்தடை தேவை என்பது பொதுவான கணக்கு.

பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. தொல்லை இவை மட்டும்தான் என்றால் உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோனே வேண்டியதில்லை. அந்த இடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமோ மாத்திரையோ போதும். ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் கூடவே புரோஜெஸ்டிரோனும் பொதுவாகத் தேவைப்படாது. இதைப் பேச வெட்கப்பட்டே பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வலியோடு இருக்கிறார்கள். கொதிப்பைப் போல இந்த வறட்சி தானாகக் குறையாது, நாளாக ஆக அதிகமாகத்தான் செய்யும். க்ரீமை நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் பல ஆண்டுகள் தொடரவும் செய்யலாம்.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைக்கு 2023-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அது வேலை செய்கிறது. கல்லீரலைக் கவனித்துக்கொள்ள அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.