பாதியில் நின்ற வாசிப்பு

1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலராலும் போற்றப்படுவது. கொங்கு மண்ணில் பிறந்தும் அதை நாற்பது வயதில்தான் கையில் எடுத்தேன். எடுத்தும், மூன்று மாதங்களாக முப்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில் வேலையெல்லாம் ஓய்ந்து நான் படுக்கையில் புத்தகத்தைப் பிரிக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். இரண்டு பத்திக்குள் கண் சொக்கிவிடும்.

தனிமை கிடைத்தால்தான் படிக்க முடியும் என்ற எண்ணத்தைக் கைவிட்டதே எனக்கு உதவியது. இப்போது இரவு எட்டு மணிக்கு, அத்தை ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கும் நேரத்தில், அவருக்குச் சில பக்கங்கள் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். மௌனமாகப் படிக்கையில் தடுக்கிய பேச்சுமொழி, வாய்விட்டுப் படித்ததும் எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஒலித்தது.

ஒரு நாள் மகள், “பொடக்காலின்னா என்னங்க அப்பத்தா?” என்று கேட்டாள். அத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு, “ஊட்டுக்குப் பின்னால இருக்கறது கண்ணு” என்று தொடங்கி, தான் பிறந்த வீட்டின் பொடக்காலியில் இருந்த கிணற்றையும் மாடு கட்டும் கட்டுத்தரையையும் அரை மணி நேரம் விவரித்தார். அன்றிரவே மகளின் பழைய நோட்டில் மீந்திருந்த தாள்களில் அவர் சொன்னபடியே எழுதிவைத்தேன்.

நாவல் பன்னிரண்டு நாளில் முடிந்தது. நோட்டில் பதினேழு பக்கங்கள் சேர்ந்துள்ளன. அவற்றிலிருந்து என் முதல் சிறுகதையை ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.