வெப்லாஜிக்கைத் தொடாமல் அதன் முன்னால் டாம்கேட்டை வைப்பது எப்படி

கோலாலம்பூரில் பங்சார் பக்கம் நான் வேலை பார்க்கும் இடத்தில் போன வருடம் முழுக்க இதுதான் வேலை. ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பழைய ஈஜேபிகள் (வணிக வேலையைச் செய்யும் ஜாவா நிரல் பகுதிகள்) எல்லாம் ஆரக்கிளின் வெப்லாஜிக் சர்வரில் ஓடுகின்றன, அவற்றைத் தொட யாருக்கும் மனமில்லை, ஆனால் திரைப் பகுதியை மட்டும் வாராவாரம் மாற்ற வேண்டும். ஒரு சின்ன மாற்றத்துக்கும் மொத்த இயரையும் (முழு அப்ளிகேஷனையும் கட்டிய ஒரே கோப்பு) மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் திரையைத் தயாரிக்கும் சர்வ்லெட், ஜேஎஸ்பி எல்லாவற்றையும் டாம்கேட் என்ற இலகுவான ஜாவா வெப் சர்வருக்குக் கொண்டுவந்துவிட்டு, ஈஜேபிகளை அங்கேயே விட்டோம். நீங்களும் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பதிப்பு. வெப்லாஜிக் 12சி என்றால் டாம்கேட் 9 எடுங்கள், 10 வேண்டாம். டாம்கேட் 10இலிருந்து பேக்கேஜ் பெயர்கள் ஜாவாக்ஸிலிருந்து ஜக்கார்த்தாவுக்கு மாறிவிட்டன, பழைய சர்வ்லெட் கோடு அதில் அப்படியே ஓடாது. டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும், வெப்லாஜிக் பக்கமும் அதே 8 இருந்தால் தலைவலி குறைவு.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். டாம்கேட் வெறும் சர்வ்லெட் எஞ்சின்தான், ஈஜேபி கிடையாது, ட்ரான்சாக்ஷனைக் கவனிக்கும் ஜேடிஏவும் கிடையாது. ஆகவே ட்ரான்சாக்ஷன் தொடங்குவதும் முடிவதும் ஈஜேபிக்குள்ளேயே நடக்கட்டும். ஒரு சர்வ்லெட் வரிசையாக நான்கு ஈஜேபிகளைக் கூப்பிட்டு, அதற்கு மேல் யூசர் ட்ரான்சாக்ஷன் போட்டிருந்தால், அந்த நான்கையும் சுற்றி ஒரு புது ஈஜேபி மெத்தட் எழுதி, அதை மட்டும் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஜார், அதாவது ஜாவா நூலகக் கோப்பு. வெப்லாஜிக்.ஜார் என்ற பெரிய கோப்பைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது பக்கத்திலுள்ள மற்ற ஜார்களை நம்பி இருப்பது, தனியாக வந்தால் க்ளாஸ் கிடைக்கவில்லை என்று வரிசையாகக் கத்தும். வெப்லாஜிக் சர்வரின் லிப் ஃபோல்டரில் டி3 தின் கிளையன்ட் ஜார் (டி3 என்பது வெப்லாஜிக்கின் சொந்த நெறிமுறை) என்று ஒன்று இருக்கும், அதை எடுத்து டாம்கேட் லிப்பில் போடுங்கள். ஈஜேபி இன்டர்ஃபேஸ்கள் உள்ள ஜார் இரண்டு பக்கமும் ஒரே பில்டிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் சீரியல் வெர்ஷன் பொருந்தாமல் போகும். சர்வ்லெட் ஏபிஐ ஜார் உங்கள் வெப்-இன்ஃப் லிப்பில் கிடந்தால் அழித்துவிடுங்கள், டாம்கேட்டிடமே அது இருக்கிறது.

இப்போது ஜேஎன்டிஐ, அதாவது பெயரைச் சொல்லித் தேடி எடுக்கும் ஜாவா வழி. ஈஜேபியைத் தேட வெறும் இனிஷியல் கான்டெக்ஸ்ட் போட்டால் டாம்கேட் தன் சொந்தப் பெயர்ப்பட்டியலில்தான் தேடும். சிலர் உடனே வெப்லாஜிக்கின் கான்டெக்ஸ்ட் ஃபாக்டரியை சிஸ்டம் ப்ராபர்ட்டியாகப் போட்டுவிடுகிறார்கள், அப்போது டாம்கேட்டின் டேட்டாசோர்ஸ் தேடல் குழம்பிப் போகும். ஃபாக்டரி பெயர், டி3 முகவரி (போர்ட் மாற்றாமல் இருந்தால் 7001), பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு ஹேஷ்டேபிளில் வைத்து, தேடும் இடத்தில் மட்டும் கொடுங்கள். ஈஜேபியின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள், அட்மின் கன்சோலின் ஜேஎன்டிஐ மரத்தைத் திறந்து அங்கே இருப்பதை எழுத்துப் பிசகாமல் நகலெடுங்கள்.

கான்டெக்ஸ்டை மூடுவது மிக முக்கியம். வெப்லாஜிக்கில் பயனர் பெயரோடு கான்டெக்ஸ்ட் திறந்தால் அந்த அடையாளம் அந்த த்ரெட்டோடு (கோரிக்கையைக் கவனிக்கும் இழை) ஒட்டிக்கொள்ளும், மூடினால்தான் கழன்று போகும். டாம்கேட்டில் த்ரெட்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. மூடாமல் விட்டால் அடுத்து வருபவரின் வேலை முந்தையவர் பெயரில் போய் நிற்கும். ஆகவே ஃபைனலி பிளாக்கில் மூடுங்கள். ஆனால் தேடி முடித்ததுமே மூடிவிடக் கூடாது, ஈஜேபி மெத்தடைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று திரும்பி வரும்.

குக்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு சர்வரும் ஜேசெஷன்ஐடி என்ற ஒரே பெயரில்தான் குக்கி கொடுக்கும், போர்ட் வேறாக இருந்தாலும் உலாவி அதைப் பிரித்துப் பார்க்காது. பழைய திரையும் புதிய திரையும் ஒரே முகவரியில் இருந்தால் ஒன்றில் நுழைய மற்றதிலிருந்து வெளியே விழுவீர்கள். டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் கோப்பில் செஷன் குக்கியின் பெயரை மாற்றிவிட்டால் சரி. முன்னால் அப்பாச்சி வெப் சர்வர் வைத்து ஏஜேபி (இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக இணைப்பதாக இருந்தால் சீக்ரெட் (இரண்டு பக்கமும் தெரிந்த ரகசியச் சொல்) போட மறக்காதீர்கள், அதில் 2020இல் வந்த கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பிறகு 9.0.31இலிருந்து ஏஜேபியை டாம்கேட் தானாகத் திறந்து வைப்பதில்லை. வெப்லாஜிக் பக்கம் டி3யை டாம்கேட் இயந்திரங்களுக்கு மட்டும் அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் கனெக்ஷன் ஃபில்டரில் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக நேர மண்டலம். எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். எல்லாம் ஓடத் தொடங்கி இரண்டாம் வாரம், கிளையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். அடையாள அட்டை எண் 700510 என்று தொடங்குகிறது, அதாவது 1970 மே 10. பக்கத்தில் பிறந்த தேதி 09-05-1970. தேடிப் பார்த்தால் 1982க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் இப்படி. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும் வரை யூடிசி கூட்டல் ஏழரைதான், 1982 பிறந்தபோதுதான் எட்டானது. எங்கள் டாம்கேட் இயந்திரத்தில் யாரோ வெறுமனே கூட்டல் எட்டு என்று வைத்திருந்தார்கள், வெப்லாஜிக்கில் ஏசியா கோலாலம்பூர் என்று முறையாக இருந்தது. டாம்கேட் அனுப்பிய நள்ளிரவு 12:00 அங்கே முந்தைய நாள் இரவு 11:30 ஆகி, அப்படியே சேமிக்கப்பட்டது. அதே பதிவைத் திறந்து மறுபடி சேமித்தால் இன்னொரு நாள் குறையும்.

இரண்டு பக்கத்து ஜேவிஎம்மிலும் (ஜாவா நிரலை ஓட்டும் சூழல்) ஏசியா கோலாலம்பூர் என்றே எழுதி வையுங்கள், டாம்கேட்டில் அது செட்என்வ் கோப்பில் போகும். முடிந்தால் பிறந்த தேதியை ஜாவாவின் டேட் வகையில் அனுப்பாமல் லோக்கல்டேட் வகையில் அனுப்புங்கள், அதில் நேரமே இல்லை. ஏற்கெனவே தவறாகச் சேமித்தவை தாமாகச் சரியாகாது, அவற்றை அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். சோதனைத் தரவில் 1982க்கு முன் பிறந்த ஒருவரையும் பின் பிறந்த ஒருவரையும் சேர்த்து, ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை திறந்து சேமித்துப் பாருங்கள்.