ஓபி நெரிசலில் ஒரு நிமிடப் பாடம்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலை ஓபி, அதாவது வெளிநோயாளர் பிரிவு. வாசல்வரை வரிசை, பக்கத்தில் இரண்டு மருத்துவ மாணவர்கள். ஒருவர் கேஸைச் சொல்லி முடித்ததும் விடையைச் சொல்லிவிட நமக்கு வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள், அப்புறம், “எதை வைத்து?”

1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிய ஐந்து படி முறை இது. ஒரு நிமிடம் என்று பெயர். எனக்கு மூன்று நிமிடமாவது ஆகிறது.

காலில் ஆறாத புண். மாணவர் “சர்க்கரைப் புண்” என்கிறார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, நாடி கிடைக்கிறதா என்று பார்த்தாரா? அங்கேதான் பெரும்பாலும் இடறுவார்கள். அன்றைக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். நன்றாகச் செய்தது எது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள், வெறும் ‘குட்’ பயன்படாது. தவறைத் திருத்துவது தனியாக. நோயாளி எதிரில் வேண்டாம்.