வாயுதான் என்று விட்ட ஒன்றரை மணி நேரம்

போன மார்கழியில் ஒருநாள், விடியற்காலை நாலரை மணி. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பனியிலும் பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. "ராத்திரி தின்ன புரோட்டாதான் நெஞ்சுல நிக்குது" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார். அம்மா ஓமம் கொதிக்க வைத்தாள். நான் ஜெலுசில் பாட்டிலைத் தேடினேன். கிளம்பும்போது மணி ஆறு.

நிறைய வீடுகளில் தொலைவது இந்த நேரம்தான். மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. அடைப்பு நீங்கும்வரை தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும். செத்தது திரும்பி வராது. அப்பாவுக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மழுங்கியிருப்பதால் வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கு மூச்சிரைப்பு, தாடை வலி, இன்னதென்று சொல்ல முடியாத அசதி என்று வரலாம். வாயுவா அட்டாக்கா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. அதற்கு ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும்.

அடுத்து நாங்கள் செய்த முட்டாள்தனம், பைக். சித்தப்பா மகன் ஓட்ட, நடுவில் அப்பா, பின்னால் பிடித்துக்கொண்டு நான். வழியில் துடிப்பு தாறுமாறாகியிருந்தால் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு என்ன செய்திருப்போம்? 108-ஐக் கூப்பிட்டிருந்தால் ஆக்சிஜனும் முதலுதவி தெரிந்த ஆளும் கூடவே வந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் தன் மாத்திரையை நீட்டினார்; நல்லவேளை, அப்பா வாங்கவில்லை. பி.பி. ஏற்கெனவே இறங்கியிருந்தால் அந்த மாத்திரை ஆளையே சாய்த்துவிடும். விடாமல் இருமினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று பக்கத்தில் இருப்பதைத் தாண்டிப் போவதும் தவறு. 2023-இல் வந்த தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டி வளராமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்றதும் எழுந்து வந்துவிடவும் கூடாது. திரும்ப எடுக்கும் ஈ.சி.ஜி.யிலோ, இதயத் தசைக்குச் சேதம் உண்டா என்று சில மணி நேரம் கழித்துப் பார்க்கும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையிலோதான் சிலருக்குத் தெரியவரும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துத் தஞ்சாவூருக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: "மெயின் குழாய் முழுசா அடைச்சிருக்கு. உடனே ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வைக்கணும். கையெழுத்துப் போடுங்க." என் கையில் பேனா. போனில் பெரியப்பா: "அவசரப்படாதடா. மதுரையில நமக்குத் தெரிஞ்சவர் இருக்கார், கேட்டுட்டுச் சொல்றேன்."

பெரியப்பாவின் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குழாயைத் திறந்து வைக்கும் அந்தச் சின்ன வலைக்குழலை, ஸ்டென்டை, தேவையில்லாமல் வைத்துவிடுவார்களோ என்ற பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் இரண்டு வேறு நிலைமைகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நடந்தால் மட்டும் நெஞ்சு பிடிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, பரிசோதனையில் 70 சதவீத அடைப்பு என்கிறார்கள் என்றால், தாராளமாக இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். குழாய் முழுக்க அடைத்து, அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போது அதற்கு நேரம் கிடையாது. அப்படிப்பட்டவர் ஆஸ்பத்திரிக்குள் வந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "டாக்டர், இது இப்ப நடந்துக்கிட்டிருக்கிற அட்டாக்கா?" ஆமாம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு போன் பேசலாம். ஸ்டென்ட் வைக்கும் வசதியுள்ள கேத் லேப் பக்கத்தில் இல்லாத ஊரில் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு அனுப்புவார்கள். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். அதுவும் முறையான வைத்தியம்தான், அதற்கும் சீக்கிரம் போக வேண்டும்.

பணத்தைப் பற்றி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பிறகு மாறி வந்தாலும் வரம்பு என்று ஒன்று இருக்கிறது. பில்லில் ஸ்டென்டின் விலை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ரொக்கமாகக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டு அலைவது பெரும்பாடு.

இதய நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு, சி.சி.யு. வாசலில் வேறு வகைத் தவறுகள். எக்கோ ரிப்போர்ட்டில் ஈ.எஃப். 40 என்று இருந்தது. அரைமணி நேரத்தில், "இதயம் நாப்பது சதவீதம்தான் வேலை செய்யுதாம்" என்று ஊர் முழுக்கப் பரவி, அத்தை ஒப்பாரி வைக்காத குறையாக வந்து சேர்ந்தார். அது நூற்றுக்கு எடுத்த மார்க் இல்லை. இதய அறையில் இருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு. நல்ல இதயத்திலேயே 55 முதல் 70 வரைதான் இருக்கும். அட்டாக்கில் அசந்துபோன தசை சில வாரங்களில் தேறிக்கொண்டால் அந்த எண்ணும் கூடலாம்.

மூன்றாம் நாள் இரவு அப்பா என்னைப் பார்த்து, "மாட்ட உள்ள புடிச்சுக் கட்டினியா?" என்றார். மாட்டை விற்று ஒன்பது வருஷம். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அம்மா அழ, நான் அவரோடு வாதாட, அவர் டியூபைப் பிடுங்கப் பார்த்தார். நர்ஸம்மா வந்து, "கண்ணாடிய எங்க வச்சீங்க? அதப் போட்டு விடுங்க" என்றார். பிறகு, "ஐயா, இது ஆஸ்பத்திரி, இப்ப ராத்திரி ரெண்டு மணி" என்று நிதானமாகச் சொன்னார். வயதானவர்களுக்குத் தூக்கம் கெட்டு, பகல் எது இரவு எது என்று தெரியாத அறையில் இப்படிக் குழப்பம் வருவது சகஜம். உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஆனால் எதிர்த்துப் பேசி ஜெயிக்கப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய பி.பி. மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்தே கொடுத்தாள். இரண்டும் டெல்மிசார்டன் என்ற ஒரே மருந்துதான், கம்பெனிப் பெயர்தான் வேறு. நாலாம் நாள் அப்பா கொல்லைப்புறத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போதே பழைய மாத்திரைப் பையைக் காட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். இதைவிட ஆபத்தானது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரட்டை மாத்திரைகளை, பல் பிடுங்கவோ உடம்புச் சூடு என்றோ நாமாக நிறுத்துவது. ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உண்டாகி அடைத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்கு ஒரு வருஷமாவது தொடர வேண்டியிருக்கும். மருதம்பட்டைக் கஷாயம் அதற்கு மாற்று இல்லை.

ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி எல்லோருக்கும் தெரியும். இளநீர்தான் பலருக்குத் தெரியாது. சில இதய மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் அது அதிகம். டாக்டரைக் கேட்காமல் தினம் ஒன்று வெட்டாதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, பில் வரட்டும் என்று காத்திருந்தபோது நர்ஸம்மா சும்மா அம்மாவின் கையைப் பிடித்து பி.பி. பார்த்தார். 180-க்கு 110. பதினோரு நாளாக நாற்காலியிலேயே படுத்து எழுந்தவள், மாத்திரை போட்டாயா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய மாத்திரை அட்டை வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஓமம் கொதிக்க வைத்த அன்று வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.