பழைய ட்ரம் கிட்டை மேடையேற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாவது பாட்டின் பாதியில் என் பாஸ் ட்ரம் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) கிளம்பிவிட்டது. உதைக்க உதைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர, நானும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பாட்டு முடிந்தபோது என் சிம்பல் கிட்டார்காரரின் முதுகை உரசிக்கொண்டிருந்தது. 1960-களில் செய்த அமெரிக்க கிட் அது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் வாசித்தபோது அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டில் நன்றாக இருப்பது மேடையிலும் நன்றாக இருக்கும் என்று நம்பியதுதான் என் முதல் தவறு. மரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ட்ரம்மர் சார்லி வாட்ஸ், க்ரெட்ச் நிறுவனம் 1957-இல் செய்த கிட்டைப் பல ஆண்டுகள் ஸ்டேடியம் ஸ்டேடியமாகக் கொண்டுபோய் வாசித்தவர். மேடையில் மானத்தை வாங்குவது மரத்தைச் சுற்றியிருக்கும் இரும்புதான். அந்தக் காலத்து பாஸ் ட்ரம் கால்கள் வெறும் மெல்லிய கம்பிகள். ஸ்டாண்டுகள் தரையோடு தட்டையாக விரியும், தூக்க லேசானவை. சின்ன சிம்பலும் மிதமான அடியும் இருந்த காலத்துக்கு அது போதும். அதில் இன்றைய கனமான 20 அங்குல ரைடை (பெரிய சிம்பல்) மாட்டி, ஸ்டாண்டின் பக்கவாட்டுக் கம்பியான பூம் கையையும் நீட்டினால் சாயாமல் என்ன செய்யும்?

அதனால் நான் இப்போது பழைய ஷெல்களை (ட்ரமின் மர உருளைகளை) மட்டும் எடுத்துப்போகிறேன். ஸ்டாண்டு, பெடல், ஸ்டூல் எல்லாம் புதியவை. அடியில் கம்பளம் கட்டாயம், ஸ்டூல் காலிலிருந்து பாஸ் ட்ரமுக்கு ஒரு கயிறும் உண்டு. பார்க்க மாடு கட்டியதுபோல இருக்கும். இருக்கட்டும், நகராது.

டாம் (பாஸ் ட்ரமுக்கு மேலே இருக்கும் சிறிய ட்ரம்) தொங்கும் இடத்தில் இன்னொரு வில்லங்கம். பழைய பிடிப்பான்கள் பல வெறும் உராய்வை நம்பி நிற்பவை. இன்றைய கிட்டில் குழாயைச் சுற்றி ஒரு மெமரி லாக் வளையம் இருக்கும், நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் நிற்கும். பழையதில் அது இல்லாததால் சிலர் பாஸ் ட்ரமில் ஓட்டை போட்டுப் புதிய பிடிப்பானைப் பொருத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓட்டை விழாத பழைய ஷெல்லுக்குத்தான் சந்தையில் மதிப்பு. டாமை ஒரு ஸ்னேர் ஸ்டாண்டில் (கிட்டின் தட்டையான சின்ன ட்ரமை வைக்கும் ஸ்டாண்டு) உட்காரவைத்தால் வேலை முடிந்தது.

ஹெட் (ட்ரமில் அடி விழும் தோல்) வாங்குவதிலும் ஏமாறலாம். ரீமோ நிறுவனம் பிளாஸ்டிக் ஹெட்டோடு தொடங்கியது 1957-இல். அதற்கு முன் பெரும்பாலும் கன்றுத்தோல்தான். மழைநாளில் அது தொய்வதைப் பற்றி மிருதங்கக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தோலை வளையத்தில் சுற்றி இழுப்பார்கள் என்பதால் ஷெல் இம்மி கூடக்குறைய இருந்தாலும் சமாளித்துவிடலாம். பிளாஸ்டிக்குக்கு அந்த நெளிவுசுளிவு கிடையாது. 1960-களின் பிற்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் ப்ரீமியர் நிறுவன டாம்கள் அமெரிக்க அளவைவிடச் சற்றே பெரியவை. கடையில் வாங்கிய சாதாரண 14 அங்குல ஹெட் அவற்றில் உட்காரவே உட்காராது. கச்சேரி அன்று மாலை இதைக் கண்டுபிடிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அளந்துவிட்டு வாங்குங்கள், ஒரு செட் கூடுதலாகவும் வைத்திருங்கள்.

மைக் வைத்ததும் வெளிப்படும் பேய் ஒன்று உண்டு. பழைய லக்குகளுக்குள் (ஹெட்டை இறுக்கும் திருகுகளைப் பிடிக்கும் உலோகத் துண்டுகள்) ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். சாதாரணமாக வாசித்தால் காதில் விழாது. ட்ரமிலிருந்து இரண்டு அங்குலத்தில் மைக்கை வைத்தால், ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ‘ங்ஙீ...’ என்று ஒரு கொசு பாடும். சவுண்ட் இன்ஜினியர் அரை மணி நேரம் ஈக்யூவோடு (ஒலியைச் சரிசெய்யும் குமிழ்கள்) மல்லுக்கட்டினாலும் அது போகாது. லக்கைக் கழற்றி, ஸ்பிரிங்குக்குள் ஒரு சிட்டிகை பஞ்சைத் திணித்துத் திரும்ப மாட்டினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வேலை. அப்படியே ஷெல்லுக்குள் இருக்கும் பழைய ஃபெல்ட் மஃப்ளரையும் (ஒலியை அடக்கும் துண்டு) பாருங்கள், சும்மா ஆடிக்கொண்டிருந்தால் அதுவும் கடகடக்கும். கழற்றியதை ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள், பின்னால் விற்கும்போது உதவும்.

சரி, சுருதிக்கு வருவோம். பழைய ஷெல்களில் பல மூன்று அடுக்கு மரம், உள்ளே மேலும் கீழும் பலத்துக்கு ஒரு வளையம். ஹெட் உட்காரும் விளிம்பு கொஞ்சம் மழுங்கியது. அதனால் ஓசை குட்டையாக, உருண்டையாக வரும். புதிய கிட்டின் கூரிய 45 டிகிரி விளிம்பில் கணீரென்று நீண்டு ஒலிக்கும். பழையதிலிருந்து அந்தக் கணீரை வரவழைக்க ட்யூனிங் கீயைப் போட்டு முறுக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் கையோடு வருவது விரிசல் விட்ட லக்தான். நேர்மாறான பைத்தியக்காரத்தனமும் உண்டு: புதிய கிட்டில் ‘விண்டேஜ்’ ஒலி வேண்டும் என்று டாம் முழுக்க டேப் ஒட்டி அட்டைப்பெட்டி ஆக்கிவிடுவது. கோட்டட் (மேலே பூச்சு உள்ள) ஹெட்டைப் போட்டு நடுத்தரமாக ட்யூன் செய்தாலே பாதித் தூரம் போய்விடலாம்.

புதிய கிட்காரர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அளவில்தான். பழைய 22 அங்குல பாஸ் ட்ரமின் ஆழம் வழக்கமாக 14 அங்குலம். இப்போது 18, 20 வரை போகிறது. நாற்பது பேர் உட்காரும் அறையில் மைக் இல்லாமல் அதைப் போட்டால் மேடையில் பாதி போய்விடும், பாடகரும் முறைப்பார். அங்கே எனக்குப் பழையதுதான் பிடிக்கும். திறந்தவெளி, மூன்று குழு மாறி மாறி ஏறும் மேடை, பத்து நிமிட இடைவெளி என்றால் யோசிக்காமல் புதியதை எடுப்பேன்.

அப்புறம் வெயில். பழைய கிட்டின் முத்துப்பளபளப்பு உறை செல்லுலாய்டால் ஆனது. மூடிய காரில் மதியம் முழுக்க வைத்தால் சுருங்கி, ஒட்டு விட்டு ஓரத்தில் எழும்பும். எனக்கு எழும்பியது, அந்த ஓரத்தில் இன்றும் ஒரு கிளிப் போட்டுத்தான் வாசிக்கிறேன்.