சுவரோடு வளர்க்கும் பைரகாந்தாவைக் கவாத்து செய்யும் முறை

பிரிட்டனில் வெயில் குறைவாகப் படும் வடக்கு, கிழக்குச் சுவர்களிலும் கம்பி கட்டி வளர்க்க ஏற்ற முட்புதர் பைரகாந்தா. கோடைத் தொடக்கத்தில் வெண்ணிறப் பூங்கொத்துகளும், இலையுதிர்காலத்தில் சிவப்பு, ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறப் பழங்களும் அதில் நிறைந்திருக்கும். பூக்கள் பெரும்பாலும் சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில்தான் வருகின்றன. ஆகவே குளிர்காலத்தில் வேலியை மட்டம் தட்டுவதுபோல் வெட்டிவிட்டால், அந்த ஆண்டின் பழங்களையும் சேர்த்தே வெட்டிவிடுகிறோம். பழம் பிடிக்காத பல செடிகளுக்கு உரக்குறையைவிட இந்த அவசர வெட்டே காரணம் என்பது என் கருத்து.

வசந்தத்தின் தொடக்கத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு: பட்டுப்போன கிளைகளையும், சுவரை முட்டியோ அதைவிட்டு விலகியோ நேராக வளரும் கிளைகளையும் நீக்கி, வெற்றிடம் உள்ள பக்கமாகச் செல்லும் இளங்கிளைகளை மென்கயிற்றால் தளர்வாகக் கம்பியில் கட்டினால் போதும்.

முக்கியமான கவாத்து பூ உதிர்ந்த பிறகுதான். பச்சைக் காய்கள் கண்ணுக்குத் தெரியும் அந்த நேரத்தில், காயில்லாத புதிய பக்கக் கிளைகளை அடியிலிருந்து 2 அல்லது 3 இலைகள் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். காய்த்த கிளையாயின், கடைசிக் காய்க்கொத்தைத் தாண்டிய நுனியை மட்டும் எடுக்க வேண்டும். இப்படிக் குறுக்கிய கிளைகளே நாளடைவில் பூக்கும் குறுங்கிளைகளாகின்றன. ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, பழுக்கும் கொத்துகளை மறைக்கும் புதுத்தளிர்களை மீண்டும் ஒருமுறை குறைத்தால், வெளிச்சமும் காற்றும் உள்ளே புகுந்து பழங்களும் நன்கு தெரியும்.

கோடையில் கத்தரியை எடுக்குமுன் கிளைகளுக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். பறவைகள் பயன்படுத்தும் கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

முட்கள் கூர்மையானவை என்பதால் தடித்த தோல் கையுறையும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம் தேவை. கிளை நுனி தீயில் கருகியதுபோல் வாடி, பட்டைக்கடியில் செம்பழுப்புக் கறை தெரிந்தால், அது தீக்கருகல் நோயாக இருக்கலாம். அந்தக் கிளையைக் கறை முடியும் இடத்திலிருந்து குறைந்தது 30 செ.மீ. கீழே, பருத்த கிளையாயின் 60 செ.மீ. கீழே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும்.