லிஃப்ட் கிட் மாட்டும் முன்: பிக்கப் உரிமையாளர்கள் சறுக்கும் இடங்கள்

இசுசு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ வாங்கியவர்களில் பலருக்கு முதல் ஆசை, வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்பதுதான். தூக்கலாம். ஆனால் உயரம் மாறினால் முன்பக்கத்து ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை), டை ராட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) எல்லாவற்றின் கோணமும் கூடவே மாறும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஸ்பேசரில். ஷாக் அப்சார்பரின் தலையில் ஒரு வளையத்தை வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். இந்த வண்டிகளில் முன் ஷாக், லோயர் ஆர்மின், அதாவது கீழ் ஆர்மின், நடுவாக்கில் உட்காருகிறது; சக்கரமோ ஆர்மின் முனையில். அதனால் ஒரு அங்குல ஸ்பேசர் வைத்தால் வண்டி ஏறக்குறைய இரண்டு அங்குலம் ஏறும். இது தெரியாமல் இரண்டு அங்குலத் தடிமனில் வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அப்பர் ஆர்ம் (மேல் ஆர்ம்) முனையில் உள்ள குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் எல்லை தாண்டி வளையும். அந்த ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கும். டிரைவ் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயிண்ட் அதிகக் கோணத்திலேயே சுழன்று ரப்பர் பூட் கிழியும். கிரீஸ் வெளியேறி மண் புகுந்தால் ஜாயிண்ட் காலி. என்னைக் கேட்டால், ஸ்பேசர் போடுவதைவிட கம்பெனி உயரத்திலேயே ஓட்டலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக, மொத்த உயர்வு இரண்டு அங்குலத்துக்குள். அதற்கு மேல் போனால் அப்பர் ஆர்மையும் மாற்றப் பணம் ஒதுக்குங்கள்.

ஏற்றிய பிறகு வரும் புகார் ஒன்று உண்டு: நெடுஞ்சாலையில் வண்டி அலைபாய்கிறது, வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. கேஸ்டர் கோணம் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துபோனதுதான் பெரும்பாலும் காரணம். அலைன்மெண்ட் கடையில் டோ (சக்கரங்களின் முன்பகுதி உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பினால் இது தீராது. கேஸ்டர், கேம்பர் (சக்கரம் மேலே உள்ளே, வெளியே சாயும் அளவு) அளவுகளோடு பிரிண்ட் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டியரிங் உதறினால் உடனே ஸ்டியரிங் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் சிறு ஷாக்) வாங்கி மாட்டுவது இன்னொரு வழக்கம். அது உதறலை அமுக்குமே தவிர, தேய்ந்த டை ராட் எண்டையோ ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டையோ சரியாக்காது. வீல் பேலன்ஸையும் ஆர்ம் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் முதலில் பாருங்கள்.

மெக்கானிக் பக்கத்துத் தவறும் இருக்கிறது. வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். தரையில் இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழிகிறது. எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள், சங்கடப்பட வேண்டாம்.

பின்பக்கம் கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். 300 கிலோ எந்நேரமும் ஏற்றிச் செல்பவர்களுக்கான பட்டையைக் காலி வண்டிக்குப் போட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பு சொல்லும். கனத்த பட்டை போட்டதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு கூடிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதானே. பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடாதீர்கள். புதிதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். சில பிக்கப்களில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு, வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு இதைச் சரிசெய்யாமல் விட்டால், லோடு இருக்கும்போதும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் நீளம் போதுகிறதா என்பதையும் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போதும் இதே கேள்விதான் எழும். கிட் விற்கும் கடையில் இந்தப் பேச்சு பெரும்பாலும் வராது.